வாழ்த்து மடலில் அடித்த வரிகள்

2016 மே மாதம் எங்கள் ஆயர் மாற்றலாகிப் போனபோது சபையார் அவருக்குக் கொடுத்த வாழ்த்து மடலை எழுதியவன் நான். அப்போது நான் சபைச் செயலாளர். ஆலயத்தின் ஒழுகும் கூரையை மாற்றினார், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எடுத்தார், ஓய்வுநாள் பள்ளிக்கு மாடி கட்டினார், நின்றுபோயிருந்த வாலிபர் ஐக்கியத்தைத் திரும்ப நடத்தினார் என்றெல்லாம் எழுதி, டிடிபி செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன்னாடையோடு கொடுத்தோம். அந்த மனிதர் திருப்பூரில் செய்த ஆகப் பெரிய காரியம் அதில் இல்லை. மறதியில் விட்டுப்போகவில்லை. கைப்பிரதியில் ஐந்தாறு வரி எழுதியிருந்தேன், பிறகு நானே அடித்தேன். அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த வரிகள் திருநங்கைகளையும், ஆணை விரும்பும் ஆண்பிள்ளைகளையும், பெண்ணை விரும்பும் பெண்பிள்ளைகளையும் பற்றியவை. வீட்டையும் ஊரையும் விட்டு வந்த அவர்களுக்கு எங்கள் ஆயர் தகப்பனாக நின்றார். அவர் இங்கே இருந்த காலமெல்லாம் நான் அதற்குக் குறுக்கே நின்றேன். எப்படியெல்லாம் நின்றேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் பிழைப்புக்காக மட்டும் வருகிறார்கள் என்று வெளியூரில் நினைப்பார்கள். கடன் முற்றி வருகிறவர் உண்டு. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உண்டு. நடை சரியில்லை, பேச்சு சரியில்லை என்று அப்பனிடமும் அண்ணனிடமும் அடிவாங்கி, விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைகளும் உண்டு. டெய்லருக்குத் துணையாகக் கைமடிக்க ஆள் எப்போதும் வேண்டும். சனிக்கிழமை சம்பளம். லைன் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். தென்மாவட்டத்திலிருந்து வருகிறவர்களில் எங்கள் சபைக்காரப் பிள்ளைகள் நிறைய. எங்கள் குடும்பமே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்ததுதான்.

அனுப்பர்பாளையம் தாண்டி எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. கட்டிங் முடிந்த பீஸை வாங்கி, தைத்து, செக்கிங் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். அங்கே ஒருவர் கைமடி வேலைக்கு வந்து, மெஷினைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு ஓவர்லாக் டெய்லர் ஆனார். கை அவ்வளவு சுத்தம். அவர் தைத்த பீஸ் ஆல்டருக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சேர்ந்தபோது ஓர் ஆண் பெயர் சொன்னார். போகப் போக முடி வளர்த்தார், பொட்டு வைத்தார், துப்பட்டா போட்டுக்கொண்டார். 2014 தீபாவளிக்கு முந்தின மாதம் பவர் டேபிளில் தைக்கிறவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் விசாரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை என்றேன். ஆர்டர் குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னேன். பக்கத்து டேபிளில் இரண்டு ஷிப்டுக்குத் துணி குவிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனஸ் கணக்கையும் நான் பார்க்கவில்லை. அந்த ஆண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு என்று சட்டம் சொல்கிறது. தெரிந்தே கொடுக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். கோபத்திலும் சத்தம் உயராது. “தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஏன் வேலை இல்லன்னு சொன்னீங்க?” என்றார்.

“மத்தவங்க சங்கடப்படுறாங்கய்யா.”

“அது படுற சங்கடத்த யார் கேக்கது?”

நான் வேதவசனத்துக்குப் போனேன். லேவியராகமம் சொன்னேன், ரோமர் நிருபம் சொன்னேன். மனிதரை விரட்டுவதற்கு வசனம் தேடுகிறவனுக்கு அது சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதற்கு முந்தின ஆண்டு, 2013 டிசம்பர் 11 அன்று, உச்ச நீதிமன்றம், ஒரு பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009ல் கொடுத்த விடுதலை அதோடு போயிற்று. அந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவ மன்றமும் உண்டு. அதை நான் பெருமையாகவே சொன்னேன். அதே டிசம்பரில் மும்பை கார்டினல் ஆஸ்வால்ட் கிரேசியஸ், ஒரு பால் திருமணத்தைத் தம் சபை ஏற்காவிட்டாலும் அப்படிப்பட்டவர்களை ஒருநாளும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று சொன்னதை ஆயர் எடுத்துச் சொன்னார். அது கத்தோலிக்கர் விஷயம் என்றேன். செங்கல்பட்டுப் பக்கத்தில் திருநங்கை பாரதியை இந்திய சுவிசேஷ திருச்சபை போதகராகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றார். அது அந்தச் சபை, நமக்கு வேண்டாம் என்றேன். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2013ல் கேப்டவுனில், இப்படிப்பட்டவர்களை வெறுக்கிற சொர்க்கம் கிடைத்தாலும் தமக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆயர் அதையும் சொன்னார். அது ஆப்பிரிக்கா என்றேன். எதைச் சொன்னாலும் அதைத் தூரத்தில் தள்ளிவைக்க எனக்கு ஒரு பதில் இருந்தது. அந்த 377ஆம் பிரிவே 1860ல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த சட்டம். இங்கிலாந்துக்காரன் எழுதிவைத்ததை என் முன்னோர் வழக்கம் போலக் காப்பாற்ற நின்றேன்.

வாக்குவாதத்தில் ஆயர் தோற்றதாகவே அன்று வீட்டுக்கு வந்தேன். அவருக்கு வாக்குவாதத்தில் நேரம் போக்க விருப்பமில்லை. அந்தத் திருநங்கைக்கு வேறொரு கம்பெனியில் அவரே நேரில் போய்ப் பேசி வேலை வாங்கிக் கொடுத்தார். திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது, ஆனால் அதன் அடையாள அட்டையை எப்படி வாங்குவது என்று அந்தத் திருநங்கைக்குத் தெரியவில்லை. பல்லடம் ரோட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அலைந்தது ஆயர்தான். லைன் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது, ‘இவர் எங்கள் சபை அங்கத்தினர்’ என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் சபை முத்திரை வேண்டும். முத்திரை என் பொறுப்பில் இருந்தது. பீரோ சாவி வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். முத்திரை இல்லாமலே அவர் கொடுத்தனுப்பினார்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் திருவிருந்துக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பீடத்தின் முன் வரிசையாக முழங்கால் போடுவோம், ஆயர் முதலில் அப்பம் கொடுப்பார், பிறகு பாத்திரத்தோடு வருவார். ஒரு முதல் ஞாயிறு எனக்கு இடதுபக்கம் அவர் வந்து முழங்கால் போட்டார். என் யூனிட்டிலிருந்து நான் அனுப்பியவர். அப்பத்தை வாங்கிக்கொண்டேன். அவர் குடித்த பிறகு ஆயர் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தை என் பக்கம் கொண்டுவந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆயர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் நிமிரவில்லை. அவர் அடுத்தவருக்குப் போனார். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். எழுந்து போகும்போது அவர் துப்பட்டாவை என்மேல் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்.

கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பி வாங்குகிற ஒன்றை, இன்னொருவர் உதடு பட்டது என்பதற்காக நான் மறுத்தேன். சிறுவயதில் எங்கள் தாத்தா டீக்கடையில் தனிக் குவளையில் குடித்த கதையை அழுதுகொண்டு சொல்வார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் செய்த காரியம் இது.

அதோடும் நான் நிற்கவில்லை. கமிட்டிக் கூட்டத்தில், இப்படிப்பட்டவர்களுக்குச் சனிக்கிழமை மாலை ஆயர் வீட்டிலேயே தனி ஜெபக்கூட்டம் வைக்கலாம், ஞாயிறு ஆராதனையில் குடும்பங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று யோசனை சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். ஆயர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நல்லதுதான். அப்ப நானும் சனிக்கிழமைக்கே வந்திருதேன். ஞாயித்துக்கிழமைக்கு நீங்க வேற ஆள் பாத்துக்கிடுங்க” என்றார். பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் செய்தார். பிள்ளை பெறாத அண்ணகருக்கு, குமாரர் குமாரத்திகளுக்கு உரிய பெயரைவிட மேலான ஒரு பெயரைத் தம் வீட்டுக்குள்ளேயே கொடுப்பதாக ஆண்டவர் சொல்லும் இடம் அது. சிறுவயதிலிருந்து பைபிள் வாசிக்கிறவன், அந்த அதிகாரத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

2015 மார்ச்சில் எங்கள் யூனிட்டுக்கு ஒரு ஐரோப்பிய ஆர்டரின் தையல் வேலை வந்தது. டி-சர்ட்டின் நெஞ்சில் வானவில் பிரிண்ட். ஜூன் மாதம் கடைகளுக்குப் போக வேண்டியது என்றார் கம்பெனிக்காரர். 1978ல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர் இப்படிப்பட்டவர்களுக்காக எட்டு நிறத்தில் வடிவமைத்த கொடி அது, பிறகு ஆறு நிறமானது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நோவாவுக்குக் கொடுத்த உடன்படிக்கையின் அடையாளம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெர்ச்சண்டைசர் விஷயத்தைச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வேலையை எடுத்தேன். சிவப்பு பக்கத்துப் பட்டையில் இறங்குகிறதா, பிரஸ்ஸிங்கில் பிரிண்ட் வெடிக்கிறதா என்று ஒவ்வொரு பண்டிலையும் நானே பார்த்தேன். ஷிப்மென்ட் தேதி தப்பிவிடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். எங்கோ இருக்கும் அந்த மக்கள் நெஞ்சில் போட்டுக்கொள்ளும் நிறத்தில் அத்தனை அக்கறை எனக்கு. அதே மக்களில் ஒருவர் என் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தார் என்பதும், அவரை நான் அனுப்பிவிட்டேன் என்பதும் அந்த நாட்களில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. ஆர்டரில் வந்த லாபத்தில் தசமபாகம் எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன்.

அந்த ஆண்டுதான் தெற்கேயிருந்து ஒரு தம்பதி தங்கள் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கல்லூரி முடித்த பையன். தனக்கு ஆண்கள்மேல்தான் விருப்பம் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவனுக்குள் அசுத்த ஆவி இருக்கிறது, உபவாசம் இருந்து விரட்டிவிடலாம் என்று ஒரு ஜெபக்குழு சொல்லி, பட்டினி போட்டு வைத்திருந்தார்கள். நடக்கத் தெம்பில்லை. பெற்றோர் என் உறவு வழியில் தெரிந்தவர்கள், நான்தான் ஆயரிடம் கூட்டிப்போனேன். அவரும் ஜெபித்து விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆயர் முதலில் சமையலறைக்குப் போய்க் கஞ்சி கொண்டுவரச் சொன்னார். பையன் குடித்து முடிக்கும்வரை வேறு பேச்சே எடுக்கவில்லை. பிறகு பெற்றோரிடம், “இவன்ட்ட விரட்டுததுக்கு ஒண்ணும் இல்ல. ஆண்டவர் படைச்சபடியே இருக்கான். நீங்க பயந்திருக்கீங்க, ஒங்களுக்காக ஜெபிக்கேன்” என்றார். அந்தத் தாய், கல்யாணமே வேண்டாம், காலமெல்லாம் தனியாக இருந்தாலும் போதும், இந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் என்று அழுதார். நானும் அதுதான் சரி என்றேன். ஆயர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ஒரு பிள்ளை அன்பில்லாமல் வாழ வேண்டும் என்று பெற்றவர் கேட்கலாமா என்று மட்டும் கேட்டார். பையன் சில மாதம் ஆயர் வீட்டு மாடியில் தங்கியிருந்தான்.

எனக்குத் திரும்பிப் பார்க்கும் நாள் வந்தது 2021ல். அதுவும் கோவிலில் வரவில்லை, ஒரு நீதிமன்ற உத்தரவில் வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ்வதற்குப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போன வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆண்டு ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். போலீஸ் இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது, மருத்துவம் என்ற பெயரில் அவர்களை மாற்ற முயலும் எதுவும் கூடாது என்று வழிமுறைகள் வகுத்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி மாற்ற முயல்வது மருத்துவருக்கு ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. என்னை உலுக்கியது உத்தரவின் இன்னொரு பகுதி. இந்த விஷயத்தில் தாமும் ஒன்றும் அறியாத பெரும்பான்மையில் ஒருவராகவே இருந்ததாக நீதிபதி வெளிப்படையாக எழுதினார். தீர்ப்புச் சொல்லுமுன் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் தாமே நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அறியாமை, பாகுபாட்டுக்குச் சமாதானம் ஆகாது என்றார். அந்தப் பெண்களின் பெற்றோரும், மகள்கள் துணையில்லாமல் காலம் முழுக்கத் தனியாக வாழ்ந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்ததை அந்த உத்தரவில் படித்தபோது, ஆயர் வீட்டு முன்னறை என் கண்முன் வந்தது. அங்கே நானும் அதையே அல்லவா சொன்னேன்.

தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள ஓர் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் போய்க் கேட்டார். எனக்கோ கற்றுக்கொடுக்க ஒருவர் பல ஆண்டு என் வாசலிலேயே இருந்தார். நான் சாவியை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன். அறியாமை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆயர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், எல்லாம் எனக்குப் புரிந்தும் இருந்தது. புரிந்திருந்ததால்தான் அந்த ஐந்தாறு வரியை முதலில் எழுதினேன். அதை அடிக்க வைத்தது வேதமோ சட்டமோ இல்லை. மேடையில் அதைப் படித்தால், எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர்களும் மகளுக்கு வரன் பார்க்கும் குடும்பங்களும் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை வசனம் தேடியிருக்கிறேன். ஆயருக்கு அந்தப் பயம் இருந்திருக்காதா? அவருக்கும் மகள்கள் உண்டு. அவர் வேலையும் கமிட்டியின் நல்லெண்ணத்தில்தான் நின்றது.

கைப்பிரதி என்னிடம் இருக்கிறது. அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெரிகிறது:

“வீட்டார் கைவிட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு மாடியைத் திறந்துவைத்தீர்கள். வேலை இழந்த திருநங்கை மகளுக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினீர்கள். பிசாசு என்று சொல்லிப் பட்டினி போடப்பட்டவனுக்குக் கஞ்சி வார்த்தீர்கள். அரசு மருத்துவமனையில் கேட்பாரற்று இறந்த திருநங்கை ஒருவரை, எங்களில் பலர் தடுத்தும், நம் கல்லறைத் தோட்டத்தில் முழு முறைமையோடு அடக்கம் செய்தீர்கள். நாங்கள் செய்யத் தவறியதை எங்களுக்காகவும் செய்தீர்கள்.”

சென்ற ஆண்டு இதைச் சபைப் பொதுக்கூட்டக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். வழிமொழிய ஒரு கை உயர்ந்தது, வாலிபர் ஐக்கியத்துப் பெண் ஒருத்தியின் கை. பெரியவர்கள் பழைய கதை எதற்கு என்றார்கள். ஓட்டெடுப்பில் தோற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்துச் சேர்வது 377இன்படி குற்றமல்ல என்று சொல்லிவிட்டது, கத்தோலிக்கத் தலைமை 2023 டிசம்பரில் ஒரு பால் இணையருக்கு ஆசீர்வாதம் கூறலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது என்று நான் சொன்னபோது ஒருவர், “அது கத்தோலிக்கர் விஷயம்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஆண்டும் முன்மொழிவேன்.

ஆயர் இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன், பாத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். போனஸ் பாக்கியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன், அந்தத் திருநங்கையிடம் சேர்த்துவிடுங்கள் என்றதும், “நான் எதுக்கு நடுவுல? நம்பர் தாரேன். நீங்களே பேசுங்க” என்றார்.

பழைய சம்பள ரிஜிஸ்டரை எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொகையைச் சொன்னேன்.

“எந்த மாசத்துலேர்ந்து கணக்குப் போட்டீங்கண்ணா?” என்று கேட்டார். சொன்னேன். “அந்த ஆடியில டபுள் ஷிப்ட் பாத்தேன். நைட்டுப் பீஸெல்லாம் தனி நோட்டுல எழுதுவீங்க. அத எடுத்துப் பாருங்க.”

பார்த்தேன். தனி நோட்டில் அவர் பழைய பெயரில் நான்கு பக்கம் இருந்தது. கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டு அனுப்பினேன், இத்தனை ஆண்டு வட்டியையும் சேர்த்து. ரசீது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரே அனுப்பினார், இப்போதைய பெயரில் கையெழுத்துப் போட்டு.